கிணற்று நீரும் மின்சாரக் கட்டணமும்

(திருக்கோவிலில் கமக்காரர் அமைப்பினர்க்கும் மாதர் சங்கத்தினர்க்கும் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



வீட்டில் நீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்திக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். வீட்டு மின்கட்டணத்துக்கும் கமத்தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில் அத்தொடர்பு மிக நெருங்கியது. இங்குள்ள பல வீடுகளில் குளிப்பதும், துணி துவைப்பதும், மாட்டுக்கு வைப்பதும், வளவிலுள்ள கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஊற்றுவதும் ஒரே கிணற்று நீரே. அந்நீரை மேலே ஏற்றுவது மின்சாரம். தோட்டக்காரர் சிலர்க்கு மண்ணெண்ணெய். ஆகவே நீர்க்கணக்கு, மின்கணக்கு, தோட்டக்கணக்கு என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. மூன்றும் ஒரே கணக்கின் மூன்று பக்கங்களே.

நம் முன்னோர் துலாவிலும் கப்பியிலும் நீர் அள்ளினர். ஒரு வாளி நீரின் விலையை அவர்களுடைய தோள்களே அறிந்திருந்தன. இன்று ஆளியை அழுத்தியதும் நீர் பாய்கின்றது. உழைப்புக் குறைந்தது நன்றே. ஆனால் எவ்வளவு நீர் எடுக்கின்றோம் என்ற உணர்வும் அதனோடு குறைந்துவிட்டது. மாத முடிவில் கட்டணப் பட்டியல் கைக்கு வரும்போதுதான் அதனை நினைக்கின்றோம். அப்பட்டியலிற் காட்டப்படாத இன்னொரு செலவும் உண்டு. அதனைப் பற்றிச் சற்றுப் பின்னர் கூறுவேன்.

கட்டணம் ஏறும் முறை

2022 ஆம் ஆண்டு நம்மில் எவர்க்கும் மறக்க முடியாததாகும். அவ்வாண்டு மார்ச்சு 31 ஆம் தேதி நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. ஆகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய்ப் பம்பியை நம்பி மணற்றரையில் மரக்கறி செய்தோரும், இயந்திரப் படகிற் கடலுக்குச் செல்வோரும் பட்ட துன்பத்தை நீங்கள் அறிவீர்கள். 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் மீண்டும் ஏறியது. அதன்பின் அது பலமுறை குறைந்தும் கூடியும் வந்துள்ளது. கட்டணம் ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. எத்தனை அலகு செலவு செய்கின்றோம் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. அண்மை ஆண்டுகளின் கட்டண அட்டவணைகளின்படி, 30 நாளில் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலையும், 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதலாம் அலகு தொடக்கமே வேறொரு கூடிய விலையும் கணிக்கப்படுகின்றன. மாதாந்த நிலையான கட்டணமும் அதனோடு கூடுகின்றது. ஆதலால் 61 ஆம் அலகு ஓர் அலகின் விலையோடு நிற்பதன்று; முன்னுள்ள 60 அலகுகளின் விலையையும் அது உயர்த்திவிடும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாய்நீர்க் கட்டணமும் படிப்படியாக ஏறுவதே. அதில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கின்றது என்பதைக் கட்டணப் பட்டியலைப் பார்த்து முதலில் அறிந்துகொள்ளுங்கள். படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்குச் சிறிய சிக்கனமும் பெரிய பயன் தரும்.

பட்டியலில் இல்லாத செலவு

இனி நமது கிணற்றைப் பற்றிக் கூறுவேன். கடலுக்கு அண்மையிலுள்ள மணற்றரையின் கீழ் நன்னீர் எங்கிருந்து வருகின்றது? மாரிகாலத்தில் வாடைக் காற்றோடு பெய்யும் மழைநீர் மணலில் ஊறி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கின்றது. நன்னீரைவிடக் கடல்நீர் சற்றுக் கனமானது. ஆதலால் நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் நிற்கின்றன. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட பொதுக்கணக்கு. இதனை மறுபக்கமாகவும் எண்ணிப் பார்க்கவேண்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தி வைத்திருந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் பல மடங்கு மேலெழும். வலிய பம்பியால் ஒரே மூச்சில் இறைக்கும்போது, கிணற்றின் நேர்கீழே உப்புநீர் கூம்புபோல் உயர்ந்து வருகின்றது. மேலே நன்னீர் இருக்கும்போதே கிணறு உவர்த்துவிடுவது இதனாலேயே.

இதனை நாம் ஏட்டிலன்றி அனுபவத்திலேயே அறிந்தோம். 2004 டிசெம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையோரக் கிணறுகளை எல்லாம் கடல்நீரால் நிரப்பியது. அதன்பின் நல்ல எண்ணத்துடன் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கினார்கள். கிழக்குக் கரையிற் பல கிணறுகளில் அவ்வாறு இறைத்தும் உப்புக் குறையவில்லை. சில இடங்களில் மிகையாக இறைத்ததனாலேயே அடியிலிருந்து உப்புநீர் ஏறியது; கிணற்றுச் சுவர்கள் இடிந்தும் போயின. இறுதியில் அக்கிணறுகளைக் கழுவியது பம்பியன்று. அடுத்தடுத்த மாரிகளில் பெய்த மழையே. மெல்ல இறைத்து மழைக்கு இடங்கொடுப்பதே தக்கது என்பதை அந்தப் பேரிடர் நமக்குக் கற்பித்தது.

ஆகவே தாங்கி நிரம்பி வழியும் நீர் மின்கட்டணத்தை மட்டும் ஏற்றுவதில்லை. அது கிணற்றின் இனிமையையும் கொண்டுபோகின்றது. கட்டணத்தை அடுத்த மாதம் குறைத்துக்கொள்ளலாம். உவர்த்த கிணற்றை அவ்வாறு ஒரு மாதத்தில் மீட்க இயலாது. ஆடி அமாவாசைக்குக் கடலாட வருவோர், கடல் கண்ணெதிரே விரிந்து கிடக்கவும், குடிக்க நன்னீரையே தேடுகின்றனர். கடலருகே வாழும் நமக்கு அந்த நன்னீரே முதல்.

கிணறு உவர்க்கத் தொடங்குவதைத் தோட்டமே முதலில் அறிவிக்கும். போஞ்சி உப்பைச் சிறிதும் பொறாதது. வெங்காயமும் மிளகாயும் அதற்கு அடுத்தவை. இலைகளின் ஓரம் கருகத் தொடங்கினாலும், சவர்க்காரம் நுரைக்க மறுத்தாலும் கிணற்றின் மேல் ஐயம் கொள்ளுங்கள். அந்நிலையில் கிணற்றை மேலும் ஆழமாக்க முயலவேண்டாம். ஆழமாக்குவது உப்புநீரை நெருங்குவதேயாகும்.

நீர்ப்பம்பியைக் கையாளும் முறை

1 குதிரைவலுவுள்ள நீர்ப்பம்பி ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 அலகு மின்சாரம் செலவாகும். நாள்தோறும் அரைமணி நேரம் வீணே ஓடினால் மாதத்தில் 15 அலகு. 60 அலகுக்குள் நிற்க முயலும் வீட்டுக்கு இது காற்பங்கு என்பதை எண்ணிப்பாருங்கள்.

பம்பியின் ஆற்றலை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. 10 லீற்றர் வாளியைக் குழாயின் கீழ் வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் ஆகின்றது என்று எண்ணுங்கள். 18 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 2000 லீற்றர் வருகின்றது. இவ்வெண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். சில மாதங்களின் பின் அதே வாளி நிரம்ப 25 செக்கன் ஆனால், கிணற்றினுள் உள்ள அடிவால்வில் குப்பை அடைத்திருக்கலாம். குழாய்ப் பொருத்தில் காற்றுப் புகலாம். அல்லது கிணற்று நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், அதே நீருக்குக் கூடிய மின்சாரம் செலவாகின்றது. அடிவால்வு கசிந்தால் பம்பியில் நீர் நில்லாது. அது வெறுமனே சுழன்று பழுதாகும். தேவையற்ற வளைவுகளும் ஒடுங்கிய குழாயும் பம்பியின் வலுவைத் தின்பனவாகும்.

நீர்த்தாங்கி நிரம்பியதும் பம்பியைத் தானே நிறுத்தும் மிதவை ஆளியைப் பொருத்துவது நன்று. அதற்கு வசதியில்லாதோர், தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒருமுறை கணித்து, மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துக. ஒரே நேரத்தில் நெடுநேரம் இறைக்காது, காலையில் சிறிதும் மாலையில் சிறிதுமாக இறைத்தால் கிணறு ஊறுவதற்கு இடம் கிடைக்கும்.

சூரிய ஒளியால் இயங்கும் பம்பிகளும் இப்போது வந்துள்ளன. அவை நல்லவை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. சூரிய ஒளிக்குக் கட்டணம் இல்லை என்று நாள் முழுதும் இறைக்கலாகாது. கட்டணம் மின்மானியில் ஏறாவிட்டாலும் கிணற்றில் ஏறும்.

ஒழுக்கைக் கண்டுபிடித்தல்

ஒழுகும் குழாயின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். 1 லீற்றர் சேர்ந்தால் நாளொன்றுக்கு 24 லீற்றர், மாதத்துக்கு 720 லீற்றர் வீணாகின்றது. ஒரு சில ரூபாவுக்குப் பெறக்கூடிய இறப்பர் வளையத்தை மாற்றாமையால் வரும் நட்டம் இது. குழாய்நீர் பெறும் வீட்டார், இரவில் உறங்குமுன் நீர்மானியின் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் எவரும் நீரைத் தொடுமுன் மறுபடி பார்க்கவேண்டும். எண் மாறியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. மலகூடத் தொட்டியில் சிறிது மஞ்சளைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். நீரைத் திறவாதிருக்கவும் கீழே மஞ்சள் நிறம் வந்தால் அத்தொட்டி கசிகின்றது என்பது தெளிவு.

பல் துலக்கும்போதும், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும் குழாயைத் திறந்தபடி விடவேண்டாம். பாத்திரத்தில் நீரெடுத்துக் கழுவுவது நம் வீடுகளின் பழைய வழக்கமே. அவ்வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

வளவும் தோட்டமும்

மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஒரே தடவையில் மிகுதியாக ஊற்றினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே சிறிது சிறிதாக, வெயில் தணிந்த பின்போ விடியற்காலையிலோ பூவாளியால் ஊற்றுங்கள். நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி வெயிலுக்கே போய்விடும்.

மணலுக்கு நீர் பிடிக்கும் ஆற்றலைக் கொடுப்பது உக்கிய எருவாகும். பாத்திக்கு மாட்டெருவும் கூட்டெருவும் இடுங்கள். செடியைச் சுற்றி வைக்கோல், சருகு, தென்னோலை ஆகியவற்றைப் பரப்பி மண்ணை மூடுங்கள். பொச்சுமட்டையை எரிக்காதீர்கள். தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, மட்டையின் உட்பக்கம் மேல்நோக்கும்படி அடுக்கி மண்ணால் மூடினால், அது மாரிகால நீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். பூசணி, பாகல் போன்ற கொடிகளின் நடுவே சுட்ட மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவுக்குப் புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், முட்டியின் சுவரினூடாக நீர் மெல்லக் கசிந்து வேரை நனைக்கும். மெருகிட்ட முட்டி இதற்கு உதவாது.

குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். பச்சையாக உண்ணும் கீரைவகைகளுக்கு அந்நீர் ஆகாது. ஒரே மரத்துக்கு எந்நாளும் விடாமல் மாற்றி மாற்றி விடுக.

மழையைச் சேர்த்தல்

கூரையின் ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 50 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சிதறிப் போனாலும் 4000 லீற்றர் எஞ்சும். பீலி அமைத்து, முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, பின்வரும் மழையைத் தாங்கியிற் சேர்த்து வையுங்கள். நுளம்பு புகாதபடி தாங்கியை நன்கு மூடுவது கட்டாயம். இல்லையேல் நீரோடு டெங்கையும் சேர்த்து வைப்போம். மிஞ்சும் மழைநீரைத் தெருவில் ஓடவிடாது, வளவிலே குழி வெட்டி மணலில் இறக்குங்கள். அக்குழி மலக்குழியிலிருந்து விலகியிருக்கவேண்டும். அவ்வாறு இறக்கும் நீர் கிணற்றில் நாம் இடும் சேமிப்பாகும்.

வீட்டுக்குள்ளே மின்சாரம்

ஒரு வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அங்கே 60 வாற்றுப் பழைய மின்குமிழ் மூன்று நாளுக்கு 4 மணி நேரம் எரிகின்றன. 75 வாற்று மின்விசிறி 8 மணி நேரம் சுழல்கின்றது. 80 வாற்றுத் தொலைக்காட்சி 4 மணி நேரம் ஓடுகின்றது. 1 குதிரைவலுப் பம்பி 45 நிமிடம் இறைக்கின்றது. 1000 வாற்று மின்னழுத்தி 15 நிமிடம் சூடேறுகின்றது. 30 நாளில் இவை முறையே 21.6, 18, 9.6, 22.5, 7.5 அலகுகள், மொத்தம் 79 அலகு.

இவ்வீட்டார் மூன்று மின்குமிழையும் 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழாக மாற்றுகின்றனர், செலவு 3 அலகு. தாங்கி வழியாமற் பார்த்து, வளவில் மூடுபடை இட்டு, பம்பியை 20 நிமிடமாகக் குறைக்கின்றனர். செலவு 10 அலகு. துணிகளை வாரத்தில் ஒரு நாள் ஒருமிக்க ஒரு மணி நேரம் அழுத்துகின்றனர். செலவு 4 அலகு. விசிறியிலும் தொலைக்காட்சியிலும் அவர்கள் கை வைக்கவில்லை. மொத்தம் 45 அலகு. 34 அலகு மிஞ்சியதோடு, 60 அலகுக்குக் கீழும் இறங்கிவிட்டனர். இதில் எவரும் இருட்டில் இருக்கவில்லை. எவரும் வியர்வையில் உறங்கவும் இல்லை. வீணானதே குறைந்தது.

குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் அதனைச் சுவரோடு ஒட்டாமலும் அடுப்பின் அருகே வையாமலும் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும். கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதாக வந்துவிட்டால் குளிர் வெளியே போகின்றது. சூடான சோற்றையும் கறியையும் ஆறியபின் உள்ளே வையுங்கள்.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடெங்கும் மின்சாரத் தேவை மிகும் நேரமாகும். அந்நேரத்தில் பம்பியையும் மின்னழுத்தியையும் இயக்காதிருப்பது நாட்டுக்குச் செய்யும் உதவியாகும். மழை பொய்க்கும்போது நீர்மின் நிலையங்களின் உற்பத்தி குறைந்து, விலை கூடிய எண்ணெயை எரிக்க நேர்கின்றது. நம் கிணறு வற்றும் காலமும் மின்சாரம் அருமையாகும் காலமும் ஒன்றே என்பதை மறவாதீர்கள்.

சுருக்கமாகச் செய்யவேண்டியவை

1. மின்மானியின் எண்ணை வாரந்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து, 60 அலகுக்குள் நிற்க முயலுங்கள்.
2. பம்பியின் வாளிக்கணக்கைச் சுவரில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள்.
3. தாங்கி வழிய விடாதீர்கள். ஒழுகும் குழாயை அன்றே திருத்துங்கள்.
4. கிணற்றைச் சிறிது சிறிதாக இறையுங்கள். உவர்ப்புக் கண்டால் ஆழமாக்காதீர்கள்.
5. பாத்திகளை மூடி, வெயில் தணிந்த பின் நீர் ஊற்றுங்கள்.
6. மாரிக்கு முன்னரே பீலியையும் தாங்கியையும் ஆயத்தம் செய்யுங்கள்.

அன்பர்களே, மணலுக்கடியில் உள்ள நன்னீருக்கு வேலி இல்லை. ஒரு வளவில் மிகையாக இறைத்தால் அடுத்த வளவின் கிணறும் உவர்க்கும். ஒரு வளவில் மழையை இறக்கினால் அயலவர் கிணறும் இனிக்கும். ஆகவே மின்கட்டணத்தைக் குறைப்பது ஒரு வீட்டின் நன்மை. கிணற்றைக் காப்பது ஊரின் நன்மை. இன்று வீடு சென்றதும் முதல் வேலையாக ஒரு வாளியை எடுத்துக் குழாயின் கீழ் வைத்து, அது நிரம்பும் செக்கன்களை எண்ணிப் பாருங்கள். மற்றவை அதிலிருந்து தாமாகவே தொடரும்.